ஸ்னாப்ஷாட் இருக்கும்போது தனியாக பேக்கப் எதற்கு?

கேள்வி: 2025 அக்டோபர் 4, மாலை 6.15

எங்களிடம் இரண்டு ஹோஸ்ட்கள் (நிஜக் கணினிகள்), அவற்றில் 14 மெய்நிகர் கணினிகள் (விஎம்). இரண்டுக்கும் பொதுவாக ஒரே சேமிப்பகம், ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் அமைப்பு). தினமும் இரவு எல்லா விஎம்களுக்கும் தானாக ஸ்னாப்ஷாட் எடுக்கப்படும். ஏழு நாள் கழித்து அழியும். தனியாக ஒரு பேக்கப் சர்வர் வேண்டும் என்று ஆலோசகர் சொல்கிறார். எனக்கு அது வீண் செலவாகப் படுகிறது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து பழைய நிலைக்குத் திரும்புவது ஒரு நிமிட வேலை. இதுவரை மூன்று முறை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. நான் எதையாவது கவனிக்கத் தவறுகிறேனா?

அக்டோபர் 4, இரவு 9.40

ஆம். நிறையவே தவறவிடுகிறீர்கள்.

ஸ்னாப்ஷாட் என்ற பெயரே ஏமாற்றுகிறது. படம் பிடித்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டது போல ஓர் எண்ணம் மனதில் பதிந்துவிடுகிறது. நடப்பது வேறு. எடுத்த நொடியில் மூல டிஸ்க் கோப்பில் எழுதுவது நிற்கிறது. அதன் பிறகு எழுதப்படுவதெல்லாம் பக்கத்தில் பிறக்கும் ஒரு மாற்றக் கோப்பில் சேர்கிறது. நேற்றைய நிலைக்குத் திரும்புவது என்றால் அந்த மாற்றக் கோப்பைத் தூக்கி எறிவது, அவ்வளவுதான். அதனால்தான் ஒரு நிமிடத்தில் முடிகிறது. எதுவும் எங்கிருந்தும் திரும்பி வருவதில்லை. மூலக் கோப்பு கெட்டால் உங்கள் ஏழு நாட்களும் அதோடு போய்விடும். மூன்று முறை காப்பாற்றியது என்கிறீர்களே, மூன்று முறையும் தவறான அப்டேட்டாக இருந்திருக்கும். சேமிப்பகம் சாகவில்லை.

இன்னொன்று. விஎம்களை ஓட்டும் மென்பொருளைத் தரும் விஎம்வேர் நிறுவனமே தன் ஆவணத்தில் ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக எடுக்கும் ஸ்னாப்ஷாட் சங்கிலியில் 32 வரை அனுமதி உண்டு. ஆனால் வேகம் கெடாமலிருக்க இரண்டு மூன்றோடு நிறுத்தச் சொல்கிறது. உங்களிடம் 14 கணினிகளுக்கு ஏழு ஏழு. மாற்றக் கோப்பு மூல டிஸ்க்கின் அளவுக்கே வளரக்கூடியது. சேமிப்பகம் நிரம்பினால் அங்கே புதிதாக இடம் கேட்கும் அத்தனை விஎம்களும் நின்றுவிடும். காப்பாற்ற வைத்ததே காலை வாரும்.

அக்டோபர் 5, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) எடுக்கும் ஸ்னாப்ஷாட்டை மட்டும் மனதில் வைத்து எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டுவிட்டேன். இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளின் ஸ்னாப்ஷாட் வேறு வகை. அங்கே பழைய பிளாக்கின் மேல் எழுதுவதே இல்லை. மாற்றம் வேறு இடத்தில் எழுதப்படுகிறது, பழையது அப்படியே கிடக்கிறது. நூறு வைத்தாலும் சங்கிலி இழுக்கும் தொல்லை இல்லை. அதை 'சென்ட்' கட்டளையால் வேறொரு கணினிக்கு அனுப்பிவிட்டால், சென்று சேர்ந்தது அசல் பேக்கப்தான். அனுப்பாமல் அதே பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தால் நேற்று எழுதியது அப்படியே பொருந்தும்.

பேக்கப் மென்பொருள்களும் உள்ளுக்குள் ஸ்னாப்ஷாட்டைத்தான் பயன்படுத்துகின்றன. ஒன்றை எடுத்து, உறைந்து நிற்கும் மூலத்தைப் படித்து வேறிடத்தில் எழுதி, ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடும். ஏணி மாதிரி. ஏறி இறங்கலாம், குடியிருக்க முடியாது. பேக்கப் பாதியில் முறிந்தால் ஏணி அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. ஏழு மாதமாக யாரும் கவனிக்காமல் நின்ற ஒன்றை ஒருமுறை கண்டுபிடித்தேன். அதை நீக்கி மூலத்தோடு இணைக்க ஒன்பது மணி நேரம் ஆனது. அந்த ஒன்பது மணி நேரமும் திரையை விட்டு நான் நகரவில்லை, நகர்ந்திருந்தாலும் செய்ய ஒன்றுமில்லை என்றாலும்.

அக்டோபர் 5, காலை 7.20

ரெய்டு பற்றிச் சொல்ல மறந்தேன். டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமலிருக்க வந்தது அது. 1988இல் பெர்க்கிலியில் வெளியான அந்தப் பழைய ஆய்வுக் கட்டுரையும் மலிவான பல டிஸ்க்குகளைக் கூட்டாக நம்பகமாக்குவது பற்றியதுதான். நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் ரெய்டு 6 அதை எல்லா டிஸ்க்குகளிலும் மிகுந்த நம்பகத்தோடு அழித்துத் தரும்.

அக்டோபர் 7, இரவு 10.30

"விஎம்மை முழுதாக எடுத்தால் உள்ளே ஓடும் தரவுத்தளமும் வந்துவிடும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். மின்சாரம் பட்டென்று போய்த் திரும்பிய கணினியில் எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலையில் வரும். போஸ்ட்கிரஸ், மையெஸ்க்யூஎல்லின் இன்னோடிபி போன்ற தரவுத்தளங்கள் இப்படிப்பட்ட விழுதலிலிருந்து தங்கள் பதிவேட்டைப் படித்து எழுந்துகொள்ளும்படிதான் கட்டப்பட்டவை. அதனால் பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் தரவு ஒரு டிஸ்க்கிலும் பதிவேடு இன்னொரு டிஸ்க்கிலும் இருந்து, இரண்டும் ஒரே நொடியில் உறையவில்லை என்றால், 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் நீங்கள் இல்லை.

இதற்காகத்தான் விண்டோஸில் விஎஸ்எஸ், லினக்ஸ் விஎம்களில் விருந்தினர் ஏஜென்ட். "கொஞ்சம் கையை எடு, எழுதியதை முடித்துக்கொள்" என்று உள்ளே இருப்பவற்றிடம் சொல்லிவிட்டுப் பிறகு ஸ்னாப்ஷாட் எடுக்கும். விஎஸ்எஸ் டிஸ்க் எழுத்தைப் பிடித்து நிறுத்துவது அதிகபட்சம் 10 விநாடி. சுமை ஏறிய சர்வரில் அந்த நேரத்துக்குள் வேலை முடியாமல் போகலாம். முடியாவிட்டால், சில மென்பொருள்கள் ஒரு மஞ்சள் எச்சரிக்கையைப் போட்டுவிட்டு உறைய வைக்காமலேயே எடுத்துவிடுகின்றன. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த மஞ்சளை யார் படிக்கிறார்கள்?

என் வழக்கம்: விஎம் முழுதாக ஒன்று, தரவுத்தளம் தன் சொந்தக் கருவியால் தனியாக ஒன்று. இரண்டாவதிலும் நான் அடிபட்டிருக்கிறேன். போஸ்ட்கிரஸின் பிஜி-டம்ப் கருவி ஒரு தரவுத்தளத்தை மட்டும்தான் எடுக்கும். ரோல்கள், அதாவது பயனர்களும் அவர்களின் கடவுச்சொற்களும், முழு நிறுவலுக்கும் பொதுவானவை. அவை அதில் வருவதில்லை. பிஜி-டம்ப்-ஆல் கொண்டு பொதுவானவற்றைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். நான் எடுத்துவைக்கவில்லை. மீட்ட தரவுத்தளத்தில் அத்தனை அட்டவணைகளும் இருந்தன. எதற்கும் பழைய உரிமையாளர் இல்லை. எந்தச் செயலிக்கு எந்த அனுமதி என்று ஒரு நாள் முழுதும் நினைவிலிருந்து எழுதினேன். இரண்டு செயலிகளுக்கு நினைவு தப்பாகவும் இருந்தது.

அக்டோபர் 8, காலை 6.50

மையெஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கு: டம்ப் எடுக்கும்போது 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' தேர்வு இன்னோடிபி அட்டவணைகளுக்கு மட்டும்தான் ஒரே நேரத்துப் படத்தைத் தரும். பழைய மைஐசாம் அட்டவணை ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும். தேடுங்கள்.

அக்டோபர் 11, மாலை 5.10

ஆலோசகர் "பேக்கப் ஓடினால் மின்னஞ்சல் வரும், கவலை வேண்டாம்" என்று சொன்னாராம். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். அவர்களே எழுதி வெளியிட்டது, ஒளிவுமறைவில்லை.

இரவு நேரம். துணைத் தரவுத்தள சர்வரில் இருக்கிறோம் என்று எண்ணி ஒரு பொறியாளர் முதன்மை சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்தார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தியும் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியது. சரி, பேக்கப்புக்குப் போகலாம். தினசரி டம்ப் வைக்கும் இடம் காலி. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, டம்ப் எடுக்கும் கருவி 9.2, பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வி அறிவிப்பு போனதா என்றால், போனது. அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் முறைக்கு ஏற்ப அமைக்கப்படாததால் அந்த அஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டன. மேகத்தின் டிஸ்க் ஸ்னாப்ஷாட் தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. கடைசியில் கை கொடுத்தது, வேறு ஒரு சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்த ஒரே ஒரு ஸ்னாப்ஷாட். மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்.

ஆமாம், ஸ்னாப்ஷாட். முதல் குறிப்பில் நான் போட்ட சத்தத்துக்கு இது இடிக்கிறது என்று நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அது காப்பாற்றியது, காரணம் அது ஏற்கெனவே வேறொரு சர்வருக்கு நகலாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

இதைப் படித்த அன்று என் அஞ்சல்பெட்டியைத் திறந்து பார்த்தேன். 'பேக்கப் வெற்றி' என்ற கோப்புறையில் படிக்காத அஞ்சல்கள் 4,000க்கு மேல். நடுவில் பதினோரு நாட்கள் அஞ்சலே வரவில்லை, அதை நான் கவனிக்கவில்லை. வராத அஞ்சல் கண்ணில் படாது. அன்று அமைப்பைத் தலைகீழாக மாற்றினேன்: வெற்றி என்றால் அமைதி, 26 மணி நேரத்துக்குள் வெற்றிச் செய்தி பதிவாகவில்லை என்றால் கண்காணிப்புக் கருவி கூவும். கூவும் கருவி வேறு ஹோஸ்ட்டில்.

அக்டோபர் 12, மதியம் 1.00

"26 எதற்கு, 24 இல்லையா?" பேக்கப் முடியும் நேரம் நாளுக்கு நாள் முன்பின்னாகும். 24 வைத்தேன், தினமும் விடியற்காலை கூவியது. ஒரு வாரத்தில் அதையும் படிக்காமல் விட ஆரம்பித்தேன்.

அக்டோபர் 15, இரவு 11.20

மீட்டுப் பார்க்காத பேக்கப் பேக்கப் அல்ல என்று எல்லோரும் சொல்வார்கள். மீட்டுப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு என்று யாரும் சொல்வதில்லை. அதனால் என் மானக்கேட்டை எழுதிவிடுகிறேன்.

பில்லிங் சர்வரின் பேக்கப்பை ஒரு சனிக்கிழமை சோதனைக்காக மீட்டேன். பெயரை மாற்றினேன், ஐபி மோதாமலிருக்க புதிய முகவரி கொடுத்தேன், இணைப்பை விட்டுவைத்தேன். அருமையாக எழுந்தது. உள்நுழைந்து பார்த்தேன், திரையைப் படம் எடுத்துக்கொண்டேன், சாப்பிடப் போனேன். உயிர்பெற்ற கணினிக்குத் தான் ஒரு நகல் என்பது எப்படித் தெரியும்? குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளுக்கான அதன் கிரான் அட்டவணையில் மதியம் ஒன்றரை மணிக்கு "பணம் கட்டாதவர்களுக்கு நினைவூட்டல்" என்று இருந்தது. நான்கு நாள் பழைய தரவு. நடுவில் பணம் கட்டி முடித்தவர்களுக்கெல்லாம் நினைவூட்டல் போனது, சிலருக்கு இரண்டாவது எச்சரிக்கையாக. திங்கட்கிழமை காலை தொலைபேசியை எடுத்தவர்களிடம் இன்றும் எனக்கு நல்ல பெயர் இல்லை.

இப்போது சோதனைக்கு என்று வெளியே வழியில்லாத தனி நெட்வொர்க். மீட்கும்போது வலை அட்டை துண்டிக்கப்பட்ட நிலையிலேயே எழும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அக்டோபர் 16, காலை 8.15

நேற்றைய கதைக்குப் பின்குறிப்பு. எழுந்தது என்பதற்கும் வேலை செய்கிறது என்பதற்கும் தூரம் அதிகம். உள்நுழைவுத் திரை வந்ததைப் பார்த்து "மீட்பு வெற்றி" என்று நான் எழுதிவைத்த சோதனைகள் பல. இப்போது ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: நேற்றைய கடைசிப் பரிவர்த்தனை என்ன? அதன் எண்ணை அசல் சர்வரில் குறித்துக்கொண்டு, மீட்டதில் தேடுகிறேன். இருந்தால் வெற்றி.

அக்டோபர் 20, இரவு 9.00

"ஆர்சிங்க் ஸ்கிரிப்ட் ஒன்றே போதும், நான் பத்து வருடமாக அதைத்தான் ஓட்டுகிறேன்" என்று ஒருவர் வந்திருக்கிறார். கோப்புகளை இன்னோரிடத்துக்கு ஒத்திசைத்து நகலெடுக்கும் ஆர்சிங்க் எனக்கும் பிடிக்கும். 1996இல் வந்து இன்றும் அலுக்காமல் உழைக்கிறது. ஆனால் மூன்று விஷயம்.

எல்லோரும் பழக்கத்தில் கொடுக்கும் 'ஏ' தேர்வில் ஹார்ட்லிங்க்குகள், ஏசிஎல் அனுமதிகள், நீட்டித்த பண்புகள் எதுவும் வராது. ஒவ்வொன்றையும் தனியே கேட்க வேண்டும். கோப்புச் சர்வரை மீட்டபின் "எல்லோராலும் எல்லாவற்றையும் திறக்க முடிகிறது" என்று நிர்வாகம் அழைக்கும்போது இது நினைவுக்கு வரும்.

இரண்டாவது, மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழிக்கும் 'டிலீட்' தேர்வு. மூல டிஸ்க் ஏதோ காரணத்தால் மவுன்ட் ஆகாமல் போனால் அங்கே வெறும் கோப்புறை இருக்கும். ஆர்சிங்க் கீழ்ப்படிந்து, மூலம் காலி என்பதால் பிரதியையும் காலி செய்யும். இதை நான் செய்யவில்லை. என் பக்கத்து இருக்கைக்காரர் செய்தார், நான் அவருக்குக் கொடுத்த ஸ்கிரிப்டை வைத்து. இப்போது மூலத்தில் ஒரு அடையாளக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்கிரிப்ட் தொடங்கும்.

மூன்றாவது, வேலியே பயிரை மேய்ந்த கதை. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில் நடந்தது. பேக்கப் அமைப்பைச் சேர்ந்த ஒரு ஸ்கிரிப்ட், பழைய பதிவுக் கோப்புகளை நீக்குவது அதன் வேலை. அது ஓடிக்கொண்டிருந்தபோதே புதிய வடிவத்தை அதன் மேல் எழுதினார்கள். பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுக்கப் படித்து முடித்துவிட்டு ஓட்டுவதில்லை. ஓட ஓடத்தான் படிக்கும். நடுவில் கோப்பு மாறியதும் மாறிகள் மதிப்பற்றுப் போயின, பதிவுக் கோப்புகளுக்குப் பதிலாக ஆய்வாளர்களின் தரவு அழிந்தது. சுமார் 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள். ஓடும் ஸ்கிரிப்டை எடிட்டரில் திறந்து சேமிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை. பத்து வருடக்காரருக்கு இதைத்தான் சொல்ல வந்தேன்.

அக்டோபர் 23, காலை 7.30

கேள்வி கேட்டவர் பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்ற மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறாராம். நல்லது. "பழைய பேக்கப்களை நீக்கினேன், ஒரு ஜிகாபைட்கூட இடம் திரும்பவில்லை, கெட்டுவிட்டதா?" கெடவில்லை. நீக்கியது பட்டியலைத்தான். தரவு சிறு துண்டுகளாக, பல பேக்கப்களுக்குப் பொதுவாகக் கிடக்கிறது. எந்தத் துண்டை யாரும் கேட்கவில்லை என்று குப்பை சேகரிப்பு வேலை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அழிக்கும். அதிலும் 24 மணி 5 நிமிடத்துக்குள் தொடப்பட்ட துண்டை விட்டுவிடும். நாளை மறுநாள் பாருங்கள்.

விஎம்மை அணைத்துப் போட்டால் அடுத்த பேக்கப் டிஸ்க் முழுவதையும் மறுபடி படிக்கும். மாறிய இடங்களைக் குறித்துவைக்கும் வரைபடம் ஓடும் நினைவகத்தில் இருந்தது, அணைத்ததும் போனது. அதுவும் பழுதல்ல.

அக்டோபர் 23, இரவு 8.45

மாறிய இடங்களை மட்டும் எடுப்பது என்றதும் நினைவுக்கு வந்தது. விஎம்வேரில் இதற்கு சிபிடி என்று பெயர். 2014இல் அதில் ஒரு பிழை வெளிவந்தது: விஎம் டிஸ்க்கை 128 ஜிகாபைட் எல்லையைத் தாண்டி விரித்தால், மாறிய இடங்களின் பட்டியல் தப்பாக வரும். பேக்கப் மென்பொருள் அந்தப் பட்டியலை நம்பி எடுக்கும், பச்சை விளக்கு எரியும், உள்ளே சில இடங்கள் பழையதாகவே இருக்கும். மீட்கும் நாள் வரை தெரியாது. அதனால் மாதம் ஒருமுறை பட்டியலை நம்பாமல் முழுதாகப் படிக்க வைக்கிறேன். மெதுவாக இருக்கட்டும்.

அக்டோபர் 27, மாலை 6.40

ஒரு கணக்கு போடுவோம், மேலாளர்கள் படிக்கட்டும். ஒரு கிகாபிட் இணைப்பில் ஏட்டளவில் விநாடிக்கு 125 மெகாபைட். நடைமுறையில் 110 கிடைத்தால் மகிழ்ச்சி. 4 டெராபைட்டை அந்த வேகத்தில் திருப்பி எழுத பத்து மணி நேரம். 10 டெராபைட் என்றால் ஒரு முழு நாளும் கொஞ்சமும். இதில் துண்டுகளைத் தேடிப் பொறுக்கும் நேரம், சுழலும் டிஸ்க்கின் முனகல் எதுவும் சேர்க்கவில்லை.

"எவ்வளவு நேரத்தில் மீளும்?" என்று கேட்டால் எல்லோரும் பேக்கப் எடுக்க ஆகும் நேரத்தைச் சொல்கிறார்கள். அது தினமும் மாறிய கொஞ்சத்தை மட்டும் எடுக்கும் நேரம். திரும்பும்போது எல்லாம் திரும்ப வேண்டும்.

நவம்பர் 2, இரவு 11.55

இதுவரை எழுதியதெல்லாம் சுற்றிவளைப்பு. எனக்கு நடந்ததை எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

2019. சேமிப்பகக் கட்டுப்பாட்டு அட்டை போனது; போகும்போது டிஸ்க் தொகுதியின் அமைப்பையும் குழப்பிவிட்டுப் போனது. எல்லா விஎம்களும் இருட்டு. நான் பதறவில்லை. ஏனென்றால் என் பேக்கப் சர்வர் தனிப் பெட்டி, தனி டிஸ்க்குகள், வேறு அறை. முந்தைய இரவின் பேக்கப் முழுமையாக இருந்தது. இத்தனைக்கும் போன மாதம்தான் மீட்டுப் பார்த்திருந்தேன்.

மடிக்கணினியைச் செருகினேன். ஐபி கிடைக்கவில்லை, அதைக் கொடுக்கும் டிஎச்சிபி ஒரு விஎம். கையால் முகவரி போட்டேன். பேக்கப் சர்வரின் பெயரைத் தட்டினேன், பெயர் தெரியவில்லை. பெயரை முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் ஒரு விஎம். அதன் முகவரி எனக்கு மனப்பாடமில்லை. முகவரிப் பட்டியல் விக்கியில், விக்கி ஒரு விஎம். ஸ்விட்சில் போய்ப் பார்த்து முகவரியைக் கண்டுபிடித்தேன். உள்நுழையப் போனால் டொமைன் கணக்கு (நிறுவனக் கணினிகளுக்கெல்லாம் பொதுவான உள்நுழைவு) கேட்டது. அதைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் இரண்டு, இரண்டும் விஎம், இரண்டும் அதே சேமிப்பகத்தில். உள்ளூர் நிர்வாகிக் கடவுச்சொல் இருக்கிறதே! இருக்கிறது, கடவுச்சொல் பெட்டகத்தில். பெட்டகம் எதில் ஓடியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியைத் திறக்கும் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தேன். போன மாதச் சோதனையில் இது ஏன் தெரியவில்லை? டிஎன்எஸ் ஓடிக்கொண்டிருந்த, டொமைன் ஓடிக்கொண்டிருந்த, பெட்டகம் திறந்திருந்த ஒரு நாளில் ஒரு விஎம்மை மட்டும் மீட்டு மார்தட்டிக்கொண்டேன். வீடு நிற்கும்போது ஒரு சன்னலைக் கழற்றி மாட்டிப் பார்த்த சோதனை அது.

எப்படி மீண்டோம் என்பது அதைவிடக் கேவலம். பழைய சக ஊழியர் ஒருவர் விலகிப் போகும்போது பெட்டகத்தை ஏற்றுமதி செய்து ஒரு யுஎஸ்பியில் போட்டுத் தன் மேசை இழுப்பறையில் விட்டிருந்தார். பதினான்கு மாதம் பழையது. உள்ளூர் நிர்வாகிக் கடவுச்சொல்லை 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று விதி. நான் மாற்றவில்லை. அதனால் திறந்தது. இரண்டு விதிமீறல்கள் சேர்ந்து ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றின. பிறகு நடந்த ஆய்வில் இரண்டையும் கண்டித்தார்கள், நானும் தலையாட்டினேன்.

மொத்தம் பதினோரு மணி நேரம். முதல் ஆறரை மணி நேரம் உள்ளே நுழைய. முக்கியமான ஆறு விஎம்கள், 1.6 டெராபைட், அவற்றைத் திருப்பி எழுதியது நாலரை மணி நேரம்தான்.

நவம்பர் 3, காலை 6.30

இரவு எழுதியதில் "நான் பதறவில்லை" என்று இருக்கிறது. பொய். பதறினேன்.

நவம்பர் 6, இரவு 9.15

"ஒரு சிறிய இடத்தின் கவனக்குறைவு, பெரிய நிறுவனங்களில் இப்படி நடக்காது" என்று ஒருவர்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீம்பொருள் தாக்கியபோது கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கில் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகம் முழுதும் சுமார் 150. ஒன்று போனால் இன்னொன்றிலிருந்து ஒத்திசைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்பது திட்டத்தில் இல்லை. ஒன்றே ஒன்று தப்பியது, கானாவில். மின்வெட்டு, அதனால் அந்த நேரத்தில் வலையில் இல்லை. மற்ற சர்வர்களின் பேக்கப்கள் கையிலிருந்தும் அந்த ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருந்தார்கள். என் யுஎஸ்பிக்கு அண்ணன் அது.

தென் கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் தீ. அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் என்ற சேமிப்பகத்தில் 858 டெராபைட் போனது. அளவு பெரியது என்பதால் அதற்கு வெளிப் பேக்கப் இல்லை என்றார்கள். பெரிய இடங்களில் நடப்பது பெரிதாக நடக்கிறது.

நவம்பர் 7, காலை 7.10

டொமைன் கன்ட்ரோலரை மட்டும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் தள்ளாதீர்கள். மாற்றங்களின் பழைய எண்ணிக்கையோடு எழும் அது தன் சகாக்களோடு பேசும். "இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்று அவை புதிய மாற்றங்களை வாங்காமல் விட்டுவிடும். விண்டோஸ் சர்வர் 2012 முதல், ஹைப்பர்வைசர் ஒத்துழைத்தால், தான் பின்னுக்குத் தள்ளப்பட்டதை அது உணர்ந்துகொள்ளும். அதை நம்பி விளையாட வேண்டாம். சாதாரண விண்டோஸ் கணினியும் 30 நாளுக்கொருமுறை டொமைனோடு தன் ரகசியக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும். மாதப் பழசை மீட்டால் "நம்பிக்கை உறவு முறிந்தது" என்று வரும். கல்யாணம் முறிந்த செய்தி போல ஒலித்தாலும், மறுபடி சேர்த்துவைத்தால் சேர்ந்துகொள்ளும்.

நவம்பர் 15, மாலை 4.50

கேள்வி கேட்டவர் பேக்கப் சர்வர் வாங்கிவிட்டார். ஆலோசகருக்கு என் வணக்கம். "எந்த மென்பொருள் சிறந்தது?" என்கிறார். உங்கள் அளவுக்கு எதுவும் சரி. அதைவிட ஒரு தாள் எழுதுங்கள். காகிதத் தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எல்லா விஎம்களும் படுத்த அன்று ஏட்டில் இருப்பது மட்டும்தான் உதவும்.

என் தாளில் ஆறு வரிகள். பேக்கப் சர்வரின் ஐபி, ஹோஸ்ட்களின் மேலாண்மை ஐபி. டொமைனில் சேராத உள்ளூர் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும், மூடி முத்திரையிட்ட உறையில். பேக்கப் குறியாக்கத்தின் சாவிச்சொல், அது இல்லாவிட்டால் வெளியூர்ப் பிரதி வெறும் இரைச்சல். பிறகு எழுப்பும் வரிசை: முதலில் டொமைனும் டிஎன்எஸும், அடுத்து பெட்டகம், பிறகு தரவுத்தளம், கடைசியில் செயலிகள். பேக்கப் சர்வரை டொமைனில் சேர்க்கவே வேண்டாம். சேர்த்தால், டொமைனைப் பிடித்த பணப்பறிப்பு மென்பொருள் முதலில் போகும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 1, காலை 8.00

நேற்று ஞாயிறு. 2019க்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை செய்வது: தனி ஹோஸ்ட், வெளியே வழியில்லாத வலை, கையில் தாள் மட்டும். என் மடிக்கணினியில் சேமித்த கடவுச்சொற்கள் எதையும் தொடக்கூடாது. இந்த முறை தாளைப் பார்த்து வேலை செய்தது நானல்ல, சேர்ந்து நான்கு மாதமான ஒருவர். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. எல்லாவற்றிலும் அதுதான் கடினம்.

ஐந்து மணி இருபது நிமிடம். இரண்டு இடத்தில் நின்றார். ஒரு ஹோஸ்ட்டின் மேலாண்மை ஐபி மார்ச் மாதத்தில் மாறியிருந்தது, தாளில் பழையது. இரண்டாவது, வெளியூர்ப் பிரதியைத் திறக்க இரண்டாம் கட்ட உள்நுழைவுக் குறியீடு கேட்டது. அது விடுப்பில் போயிருக்கும் ஒருவரின் கைபேசியில். அவசரக் குறியீடுகளை அச்சிட்டு உறையில் போட்டாயிற்று. தாளுக்கு ஏழாவது வரி வந்துவிட்டது.

டிசம்பர் 1, இரவு 10.05

காலையில் எழுதாமல் விட்டது. ஐந்து மணி இருபது நிமிடத்தில் முதல் இருபது நிமிடம் தாள் இருக்கும் அலமாரியின் சாவியைத் தேடியதில் போனது. இனி அப்படி ஆகக் கூடாது என்று, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை எட்டாவது வரியாகத் தாளில் தெளிவாக எழுதினேன். எழுதி, உள்ளே வைத்து, பூட்டி, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.